அந்தக் குரங்குகள் குளிக்கக் கற்ற கதை

ஜப்பானில் பனி கொட்டும்போது வெந்நீரில் கழுத்தளவு அமிழ்ந்து கண்மூடி உட்கார்ந்திருக்கும் சிவந்த முகக் குரங்குகளைப் பற்றிப் பேச்சு எடுத்தால், கேட்பவர்கள் சட்டென்று ஒரு முடிவுக்கு வந்துவிடுவார்கள். குளிர் அடிக்கிறது, பக்கத்தில் வெந்நீர் ஊற்று இருக்கிறது, இறங்கிவிட்டன, அவ்வளவுதானே என்பார்கள். அவ்வளவுதான் இல்லை. டீயை ஊற்றிக்கொண்டு உட்காருங்கள், நிதானமாகச் சொல்கிறேன். அடுத்த குளிர்காலத்தில் அங்கே போகும் எண்ணம் உங்களுக்கு இருந்தால், இதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது.

ஜப்பானின் தெற்கில் கியூஷு தீவு. அங்கே பெப்பு என்று ஓர் ஊர், தெருவுக்குத் தெரு நிலத்திலிருந்து ஆவி கிளம்பும் ஊர். பெப்புவுக்கும் ஓய்தா நகரத்துக்கும் நடுவே தகாசாகியாமா என்ற மலையில் நூற்றுக்கணக்கான குரங்குகள் இருக்கின்றன. 1950களின் தொடக்கத்திலிருந்தே அவற்றுக்குத் தீனி போட்டு, பார்க்க வருகிறவர்களுக்குக் காட்டுகிறார்கள். நாம் பேசும் அதே இனம்தான். இத்தனை வெந்நீர் பக்கத்திலேயே இருந்தும் அவை வெந்நீர்க் குளியலுக்குப் பெயர் வாங்கவில்லை. இப்போது வடக்கே போங்கள். ஹோன்ஷு தீவின் வடகோடியில் ஷிமோகிதா தீபகற்பம். மனிதனை விட்டுவிட்டால், குரங்கினம் வாழும் உலகின் வடக்கு எல்லை அதுதான். அங்கே விழும் பனிக்கும் அடிக்கும் குளிருக்கும் குறைவே இல்லை. அந்தக் குரங்குகள் மரப்பட்டையையும் மொட்டையும் கடித்துத் தின்று, ஒன்றையொன்று இறுகக் கட்டிக்கொண்டு உருண்டையாக உட்கார்ந்து குளிர்காலத்தைக் கழிக்கின்றன.

ஆக, வெந்நீர் இருந்தால் மட்டும் குரங்கு குளித்துவிடாது. குளிர் அடித்தாலும் குளித்துவிடாது. இரண்டும் இருந்த ஓர் இடத்தில் மூன்றாவதாக ஒன்று நடந்தது. இடத்தைச் சொல்லிவிட்டு அதற்கு வருகிறேன்.

நாகானோ மாகாணத்தில் யாமனோஉச்சி என்ற சிற்றூர். அதன் மேலே ஷிகா கோகென் மலைப்பகுதி. அங்கிருந்து இறங்கி வரும் யோகோயு ஆற்றின் பள்ளத்தாக்கில், கடல்மட்டத்திலிருந்து 850 மீட்டர் உயரத்தில் ஜிகோகுதானி இருக்கிறது. பாறை இடுக்கிலிருந்து கொதிநீரும் ஆவியும் சீறி எழுவதால் பழைய காலத்து மக்கள் அதை நரகப் பள்ளத்தாக்கு என்றார்கள். ஆண்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நாட்கள் பனி மூடிக் கிடக்கும்.

பனி ஏன் அங்கே அவ்வளவு விழுகிறது என்பதும் சுவையான சங்கதி. குளிர்காலத்தில் சைபீரியாவிலிருந்து காய்ந்த குளிர்காற்று தென்கிழக்காக வீசும். வழியில் ஜப்பான் கடல். அந்தக் கடலில் தெற்கிலிருந்து ஒரு வெப்ப நீரோட்டம் வருகிறது. ஆகவே மேலே ஓடும் காற்றைவிடக் கடல்நீர் வெதுவெதுப்பாக இருக்கும். காற்று அந்த ஈரத்தை வாரிக்கொண்டு வந்து ஹோன்ஷுவின் மலைகளில் மோதி மேலெழும்பும்போது எல்லாவற்றையும் பனியாகக் கொட்டிவிடுகிறது. மலையின் இந்தப் பக்கம் ஆள் உயரத்துக்குப் பனி. அந்தப் பக்கம் டோக்கியோவில் அதே நாளில் வெயில் அடிக்கலாம். நம் மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவமழையைத் தடுத்துக் கேரளப் பக்கம் கொட்ட வைப்பதும் இதே முறைதான், மழைக்குப் பதில் பனி.

அந்தப் பனி உருகியும் மழையாகவும் நிலத்துக்குள் இறங்குகிறது. அந்தப் பக்கம் முழுவதும் எரிமலை நிலம். கீழே சூடான பாறையைத் தொட்டுச் சூடேறி, உப்புகளைக் கரைத்துக்கொண்டு, விரிசல் கண்ட இடத்தில் மேலே வருகிறது. ஜப்பானில் இதற்குச் சட்டமே உண்டு. 1948ஆம் ஆண்டின் சட்டப்படி, ஊற்றுவாயில் 25 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ சூடு இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் குறிப்பிட்ட தாதுப்பொருள்களில் ஒன்றாவது போதிய அளவு கரைந்திருக்க வேண்டும். அப்போதுதான் அது ஓன்சென், வெந்நீர் ஊற்று. திருகோணமலைப் பக்கம் கன்னியாவில் ஏழு கிணறுகளிலிருந்து வெந்நீரை மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டவர்களுக்கு இந்த இன்பம் புதிதல்ல. ஜப்பானியர்கள் அதில் அமிழ்ந்து உட்காருகிறார்கள்.

இப்போது மூன்றாவது விஷயம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மலைகளில் மரம் வெட்டுவதும் பனிச்சறுக்கு மைதானங்கள் அமைப்பதும் மும்முரமாயின. மேலே இருக்க இடம் குறைந்த குரங்குகள் கீழே இறங்கின. கீழே என்ன இருந்தது? நாகானோவின் பெருமையான ஆப்பிள் தோட்டங்கள். விவசாயிக்கு ஆண்டு முழுவதும் பட்ட பாடு ஒரு காலைப்பொழுதில் போயிற்று. சுட்டுக் கொல்ல வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. அந்தக் கோபத்தில் நியாயம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அந்த வட்டாரத்து ரயில் நிறுவனத்தில் வேலை பார்த்த சோகோ ஹாரா என்பவர் வேறு வழி தேடினார். தோட்டங்களுக்கு எட்டத்தில், பள்ளத்தாக்கின் உள்ளே தீனி வைத்தால் குரங்குகள் அங்கேயே நின்றுவிடாதா என்பது அவர் கணக்கு. மனிதனைக் கண்டாலே ஓடும் மிருகங்கள். பழகப் பல ஆண்டுகள் ஆயின.

பள்ளத்தாக்குக்குள் கோராக்குகான் என்று ஒரு பழைய விடுதி இருக்கிறது, 1864இல் தொடங்கியது. அதற்குத் திறந்தவெளி வெந்நீர்த் தொட்டி உண்டு. 1960களின் தொடக்கத்தில் ஒரு நாள், தண்ணீரில் மிதந்த தீனியை எடுக்க ஒரு குட்டிக் குரங்கு அதற்குள் இறங்கியது. தின்பதற்கு இறங்கிய குட்டிக்குச் சூடு பிடித்துப்போயிற்று. மறுபடி இறங்கியது. மற்றக் குட்டிகள் பார்த்தன, அவையும் இறங்கின. குட்டிகளின் பின்னால் தாய்கள். சில காலத்தில் விடுதிக்கு வந்தவர்களும் குரங்குகளும் ஒரே தொட்டியில் குளிக்கும் நிலை வந்தது. குரங்கு தண்ணீரிலேயே எல்லாவற்றையும் கழிக்கும் என்பதால் இது சுகாதாரத்துக்கு ஒத்துவரவில்லை. கொஞ்சம் மேலே குரங்குகளுக்கென்றே தனியாக ஒரு தொட்டி கட்டினார்கள். 1964இல் ஜிகோகுதானி காட்டுக்குரங்குப் பூங்கா திறந்தது.

ஆக, படங்களில் நாம் பார்க்கும் அந்தக் குளம் மனிதன் கட்டியது. அந்தப் பழக்கத்துக்கு வயது ஆயிரம் ஆண்டுகள் அல்ல, அறுபது ஆண்டுகள் சொச்சம். இதைக் கேட்டதும் சிலருக்கு முகம் சுருங்கிவிடும். எனக்கு இதில்தான் மதிப்பு கூடுகிறது. பரம்பரை உடம்பில் எழுதி வைக்காத ஒன்றை ஒரு குட்டி கண்டுபிடித்தது, ஒரு சமூகம் அதைக் கற்றுக்கொண்டது, அறுபது ஆண்டுகளாகத் தாய் பிள்ளைக்குச் சொல்லாமல் சொல்லிக்கொடுத்து வருகிறது. இதைவிட அரிய காட்சி காட்டில் எத்தனை கிடைக்கும்?

இதற்கு முன்னோடி ஒன்று உண்டு. கியூஷுவின் மியாசாக்கி கரைக்கு அருகே கோஷிமா என்ற சிறு தீவு. கியோட்டோ பல்கலைக்கழகத்தின் கின்ஜி இமானிஷியும் அவர் மாணவர்களும் 1948 முதல் அந்தத் தீவின் குரங்குகளைக் கவனித்து வந்தார்கள். தீனியாகச் சர்க்கரைவள்ளிக் கிழங்கை மணலில் போடுவார்கள். 1953இல் இமோ என்று பெயரிடப்பட்ட ஒன்றரை வயதுப் பெண் குட்டி, கிழங்கை ஓடைக்கு எடுத்துப்போய் மணலைக் கழுவிவிட்டுத் தின்றது. முதலில் கவனித்தவர் சத்சுவே மிட்டோ என்ற உள்ளூர் ஆசிரியை. அடுத்த சில ஆண்டுகளில் அது கூட்டத்தில் எப்படிப் பரவியது என்று ஒவ்வொரு குரங்காகக் குறித்து வைத்தார்கள். முதலில் விளையாட்டுத் தோழர்கள், பிறகு தாய், பிறகு கழுவத் தெரிந்த தாய்களுக்குப் பிறந்த குட்டிகள். வயதான ஆண் குரங்குகள் கடைசிவரை மணலோடுதான் தின்றன. விலங்குகளுக்கும் பண்பாடு உண்டா என்ற கேள்வியை அறிவியல் உலகம் தீவிரமாக எடுத்துக்கொண்டதில் அந்தக் கிழங்குக்குப் பெரிய பங்கு உண்டு. பத்தாண்டுக்குள் நாகானோவில் வெந்நீர்த் தொட்டியில் நடந்ததும் இதே வரிசைதான்: குட்டி, தோழர்கள், தாய்கள்.

உலகத்துக்கு இது தெரியவந்தது ஓர் அட்டைப்படத்தால். 1970 ஜனவரி 30 தேதியிட்ட லைஃப் இதழின் அட்டையில் வெந்நீரில் அமர்ந்த ஜப்பானியக் குரங்கு வந்தது. 1998இல் நாகானோவில் குளிர்கால ஒலிம்பிக் நடந்தபோது வந்தவர்கள் மிச்சப் பிரசித்தியைக் கொடுத்தார்கள்.

குளத்தருகே நின்றால் யார் குளிக்கிறார்கள் என்று கவனியுங்கள். பெரும்பாலும் பெண் குரங்குகளும் குட்டிகளும்தான். எல்லாப் பெண்களும்கூட இல்லை. குளிக்கும் வழக்கமே இல்லாதவையும் அதே கூட்டத்தில் உண்டு. இந்த இனத்தில் பெண்கள் பிறந்த கூட்டத்திலேயே இருந்துவிடுவார்கள், வளர்ந்த ஆண்கள் வெளியேறி வேறு கூட்டம் தேடுவார்கள். அதனால் குடும்பம் என்பது பாட்டி, தாய், மகள் என்ற வழி. மகளின் அந்தஸ்து தாயைப் பொறுத்தது. அதிலும் ஒரு விசித்திரம், அக்காவைவிடத் தங்கைக்கே மதிப்பு அதிகம். கவாமுரா என்ற ஜப்பானிய ஆய்வாளர் 1958இலேயே இதை எழுதி வைத்திருக்கிறார். சண்டை வந்தால் தாய் இளையவள் பக்கம் நிற்பாள் என்பது இதற்குச் சொல்லும் காரணங்களில் ஒன்று. இந்த அந்தஸ்து தண்ணீரிலும் தொடர்கிறது. உயர்ந்த இடத்துப் பெண்கள் அதிக நேரம் ஊறுகிறார்கள். கரையில் காத்திருக்கும் மெலிந்த குரங்கைப் பார்த்து, அதற்கு வெந்நீர் பிடிக்காது போலும் என்று நினைத்துவிடாதீர்கள்.

குளியலால் அவற்றுக்கு என்ன கிடைக்கிறது? கியோட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைத் தொட்டது. வளர்ந்த பெண் குரங்குகள் 12ஐத் தேர்ந்துகொண்டு, எது எவ்வளவு நேரம் குளிக்கிறது என்று குறித்து, அவற்றின் மலத்தைச் சேகரித்து மன அழுத்தத்தோடு தொடர்புடைய ஹார்மோனை அளந்தார்கள். குளிர்காலத்தில் குளியல் கூடியது. குளித்தபோது அந்த ஹார்மோன் குறைவாக இருந்தது. உயர்ந்த இடத்துப் பெண்கள் அதிகம் குளித்தார்கள் என்றேன் அல்லவா, அதிகம் சண்டை போட்டவர்களும் அவர்களே. பதவிக்குச் செலவும் உண்டு, அதைக் கொஞ்சம் வெந்நீர் ஈடுகட்டுகிறது. உடம்புச் சூட்டைக் காப்பதற்குச் செலவாகும் சக்தி மிச்சமாவதால் இது நடக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. குளிர்காலத்தில் காட்டில் கிடைப்பது பட்டையும் மொட்டும்தான் என்பதை நினைத்தால், மிச்சமாகும் சக்தி சிறிய விஷயமில்லை.

வெளியே வந்ததும் விறைத்துப்போகாதா என்பது அடுத்த கேள்வி, குழந்தைகள் தவறாமல் கேட்பது. அவற்றின் ரோமம் அடர்த்தியானது, குளிர்காலத்தில் இன்னும் அடர்ந்துவிடும். மேல்ரோமம் நனைந்தாலும் ஈரம் தோல்வரை எளிதில் போகாது, உதறினால் பெரும்பகுதி தெறித்துவிடும். நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்த்து அந்த வியர்வை ஆவியாகிச் சூட்டைப் பறிப்பதும் அவற்றுக்கு அவ்வளவாக இல்லை. நமக்கு அந்த ரோமம் இல்லை, அதனால் தலை ஈரத்தோடு பனியில் நடப்பது நமக்கு ஆகாது.

இவை காட்டுக் குரங்குகளா, வளர்ப்புக் குரங்குகளா? வேலி கிடையாது, கூண்டு கிடையாது. காலையில் மலையிலிருந்து இறங்கி வருகின்றன, மாலையில் தாமே ஏறிப் போய்விடுகின்றன. ஊழியர்கள் பார்லி, சோயா, ஆப்பிள் போன்ற தீனி தூவுவதால்தான் தவறாமல் வருகின்றன. இலையுதிர்காலத்தில் காட்டில் பழமும் கொட்டையும் நிறைந்திருக்கும், இனச்சேர்க்கைக் காலமும் அதுவே. அப்போது ஒரு குரங்கும் வராத நாட்களும் உண்டு. நான் இதை ஓர் உடன்படிக்கையாகத்தான் பார்க்கிறேன். தோட்டத்தை விட்டுவிடு, இங்கே சோறு உண்டு என்று மனிதன் சொன்னான். குரங்கு ஒத்துக்கொண்டது. ஜப்பானின் மற்றப் பகுதிகளில் பயிரை அழிக்கும் குரங்குகள் இன்றைக்கும் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் கொல்லப்படுகின்றன என்பதை வைத்துப் பார்த்தால், இந்தப் பள்ளத்தாக்கில் கிடைத்த சமாதானம் குறைகள் இருந்தாலும் காப்பாற்ற வேண்டிய ஒன்று.

அது எதனால் நிலைக்கிறது என்றால், பார்க்க வருகிறவர் கையிலிருந்து ஒரு கடலைகூடக் குரங்குக்குப் போகாததால். தீனி போடும் உரிமை ஊழியருக்கு மட்டும். தொடக்கூடாது, உணவைக் காட்டக்கூடாது, கண்ணுக்குக் கண் உற்றுப் பார்க்கக்கூடாது. முறைத்தால் அவற்றுக்குச் சண்டைக்கு அழைப்பது என்று அர்த்தம். இவற்றைப் பின்பற்றும்போது குரங்கு உங்கள் காலை உரசிக்கொண்டு, நீங்கள் ஒரு மரம் என்பதுபோலக் கடந்துபோகும். நம் மலைப்பாதைகளிலும் கோயில் படிகளிலும் இருக்கும் நாட்டுக் குரங்கும் இதே பேரினம்தான், மகாக்கா. அது பையைப் பறிக்கிறது என்று குறைபடுகிறோம். அந்தப் பாடத்தை வாழைப்பழத்தோடு சேர்த்து நாம்தான் ஊட்டினோம். ஒரே வகை மூளை. ஓரிடத்தில் குளிக்கக் கற்றது, இன்னோர் இடத்தில் பறிக்கக் கற்றது.

சரி, எப்படிப் போவது? டோக்கியோவிலிருந்து ஹொக்குரிகு ஷின்கான்சென் ரயிலில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தை ஒட்டி நாகானோ. அங்கிருந்து நாகானோ மின்ரயிலில் கடைசி நிலையம் யுதனாகா. விரைவு வண்டி ஒரு மணி நேரத்துக்குள் சேர்த்துவிடும். அந்த வண்டிகளில் ஒன்றுக்கு ஸ்னோ மங்கி என்றே பெயர். யுதனாகாவிலிருந்து கன்பயாஷி வரை பேருந்து. நாகானோ நிலையத்திலிருந்து நேர்ப் பேருந்தும் இருக்கிறது. அதற்குமேல் வண்டி போகாது. நெட்டையான தேவதாரு மரங்களுக்கு நடுவே 1.6 கிலோமீட்டர் நடை, அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடலாம். ஏற்றம் பெரிதாக இல்லை, கடைசியில் படிகள். ஆனால் நடந்து நடந்து இறுகிய பனி கண்ணாடிபோல வழுக்கும். ஓடுவதற்குப் போடும் ஷூவோடு போகாதீர்கள். அடியில் பிடிப்புள்ள பூட்ஸ் பாதை தொடங்கும் இடத்தில் வாடகைக்குக் கிடைக்கும். டிசம்பர் முதல் மார்ச் வரை போகலாம், ஆழ்ந்த பனிக்கு ஜனவரியும் பிப்ரவரியும். குளிர்காலத்தில் பூங்கா காலை 9 முதல் மாலை 4 வரைதான். குரங்குகளின் தொட்டியில் மனிதர் இறங்க அனுமதி இல்லை. நீங்கள் குளிக்கக் கீழே வர வேண்டும்.

கீழே ஷிபு என்று ஒரு பழைய ஊர். ஒற்றைச் சந்து, கல் பாவியது, இருபுறமும் மர விடுதிகள். 1758இல் தொடங்கிய கானகுயா என்ற விடுதியின் நான்கு மாடி மரக்கட்டடம் 1936இல் எழுந்தது. தங்காவிட்டாலும் வெளியே நின்று பார்க்க வேண்டியது. ஊர் மக்களுக்கென்று ஒன்பது பொதுக் குளியலறைகள் இருக்கின்றன. ஊரில் இரவு தங்குகிறவருக்கு விடுதியில் சாவி கொடுப்பார்கள். யுகாதா என்ற பருத்தி அங்கியும் மரச்செருப்பும் அணிந்து, ஒன்றிலிருந்து ஒன்றாகப் போய்க் குளித்து, துண்டில் ஒவ்வொன்றுக்கும் ஒரு முத்திரை பதித்துக்கொண்டு, கடைசியில் மலைமேல் இருக்கும் மருத்துவ புத்தர் கோயிலில் வேண்டிக்கொள்வது வழக்கம். அங்கியின் இடப்பக்கம் மேலே வரும்படி மடியுங்கள். வலப்பக்கம் மேலே வருவது இறந்தவருக்கு உடுத்தும் முறை.

நம்மவர்கள் தயங்குவது ஒன்றில்தான். உடையில்லாமல் குளிக்க வேண்டும். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி இடம். யாரும் யாரையும் பார்ப்பதில்லை, முதல் ஐந்து நிமிடம் போனால் கூச்சமும் போய்விடும். அதுவும் முடியாதவர்களுக்குக் குடும்பத்தோடு பூட்டிக்கொள்ளும் தனித்தொட்டி பல விடுதிகளில் உண்டு. தொட்டி ஊறுவதற்கு மட்டும், அழுக்குப் போக்குவதற்கு அல்ல. வெளியே உட்கார்ந்து சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிவிட்டுத்தான் இறங்க வேண்டும். சின்னத் துண்டைத் தண்ணீரில் நனைக்காமல் தலைமேல் வைத்துக்கொள்வார்கள். நீண்ட கூந்தலை முடிந்துகொள்ளுங்கள்.

ஷிபுவின் தண்ணீர் கடுஞ்சூடு. முதலில் கையாலோ வாளியாலோ உடம்பில் ஊற்றிப் பழக்கிவிட்டு மெல்ல இறங்குங்கள். சூட்டில் ரத்தக்குழாய்கள் விரிந்து ரத்த அழுத்தம் இறங்கும். சடாரென்று எழுந்தால் தலை சுற்றும். ஐந்து, பத்து நிமிடம் போதும். ஒன்பதையும் ஒரே மாலையில் முடித்துவிடத் துடிக்காதீர்கள், மது அருந்திவிட்டு இறங்காதீர்கள். இதயக் கோளாறோ ரத்த அழுத்தமோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுக் கிளம்புவது நல்லது. குளிர்காலத்தில் சில்லென்ற அறையிலிருந்து கொதிநீருக்குத் திடீரென்று மாறுவது ஜப்பானில் முதியவர்கள் பலரின் உயிரைப் பறித்திருக்கிறது. முடித்ததும் நிறையத் தண்ணீர் குடியுங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் விடுதியில் இடம் பதியும்போதே விவரமாகச் சொல்லிவிட வேண்டும். காய்கறிக் குழம்பு என்று வருவதிலும் அடித்தளம் பெரும்பாலும் மீன்சாறாக இருக்கும். கடைசி நேரத்தில் சொன்னால் அவர்களால் மாற்ற முடியாது. கிளம்பும் காலையில் பூங்காவின் இணையக் கேமராவைத் திறந்து, அன்றைக்குக் குரங்குகள் இறங்கியிருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு நடையைத் தொடங்குங்கள்.